கவனிப்பாரற்றுக் கிடக்கும் கிளாசிக் கார்: மீட்டெடுக்கும் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டகையில் தூசி மூடிக் கிடக்கும் ஒரு பழைய காரைப் பார்த்ததும் மனம் இளகிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்த இளக்கத்தில் வாங்கிய வண்டிகள் பல, முன்பு கிடந்ததைவிட மோசமாக, கழற்றிய துண்டுகளாகப் பெட்டிகளில் முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பணம் எங்கே போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நேர்ந்தது அது. கீழே உள்ளவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

தொகையாகக் கேட்டால் நேர்மையான பதில் கிடைக்காது. மணி நேரமாகக் கேளுங்கள். ஒரு காரைத் திருகு திருகாகக் கழற்றி, உடலைச் சீராக்கி, பெயின்ட் அடித்து, என்ஜினையும் இருக்கைகளையும் புதுப்பித்து மறுபடி பூட்ட, சிறிய வண்டிக்கே 1,000 மணி நேர உழைப்பு சாதாரணம். துரு ஆழமாக இறங்கிய பெரிய வண்டி 2,000 மணி நேரத்தையும் தாண்டும். நீங்கள் நம்பும் பட்டறை ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி வாங்குகிறது என்று கேட்டு, அதை ஆயிரத்தால் பெருக்குங்கள். உதிரிபாகம், பெயின்ட், முலாம், தோல் எல்லாம் அதற்கு மேல். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி இரண்டு நாள் கண்ணில் படும்படி வைத்திருங்கள். அதன் பிறகும் வண்டி வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

வண்டியைச் சும்மாவே தருகிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

வண்டியின் விலை இந்தக் கணக்கில் மிகச் சிறிய வரி. ஒரே மாடலில் இரண்டு கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓடாது, பெயின்ட் மங்கியது, ஆனால் அடித்தகடு திடமாக இருக்கிறது. மற்றொன்று மினுங்குகிறது, சாவி திருப்பினால் ஓடுகிறது, ஆனால் அடிப்பகுதி அரித்துப் போயிருக்கிறது. நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன், விலை கூடுதலாக இருந்தாலும். என்ஜினைக் கழற்றி மேஜைமேல் வைத்துச் சரிசெய்யலாம்; உடலின் எலும்பைச் சரிசெய்வதென்றால் காரையே மறுபடி கட்ட வேண்டும்.

இன்னொன்று: எதெல்லாம் காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். விளக்கின் வளையம், கதவுக் கைப்பிடி, டாஷ்போர்டு மீட்டர், ஜன்னல் ஓரத்துப் பட்டி ஆகியவை தனித்தனியாக அற்பமாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வாங்குபவர்தான் அவற்றின் உண்மை விலையை அறிவார். உடைந்த பாகமாக இருந்தாலும் வண்டியோடு இருந்தால் அது ஒரு மாதிரி. அதை வைத்துப் புதிதாகச் செய்யச் சொல்லலாம். இல்லாத பாகத்துக்கு மாதிரியும் இல்லை. பதிவு ஆவணத்தில் உள்ள எண்ணும் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு டார்ச், ஒரு சிறு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், பழைய உடை. இவ்வளவு போதும். தரையில் படுத்துப் பார்க்காமல் எந்தப் பழைய காரையும் வாங்காதீர்கள்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகள் சேரும் மடிப்புக்குள் அது வீங்கும்போது தகடுகளையே பிளந்துவிடும். பெயின்டுக்கு வெளியே விரல்நுனி அளவு கொப்புளம் தெரிகிறதென்றால், உட்புறம் உள்ளங்கை அளவுக்குப் பரவியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து உள்ளே போனதல்ல அது. உள்ளிருந்து வெளியே வந்தது.

தேட வேண்டிய இடங்கள்: கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவத் தகடு, சக்கர வளைவுகளின் உதடு, மிதியடிக்குக் கீழுள்ள தரைத்தகடு, முன்கண்ணாடி ரப்பரின் அடிவிளிம்பு, டிக்கியில் மாற்றுச் சக்கரம் உட்காரும் குழி, அமிலம் சிந்தியிருக்கக்கூடிய பேட்டரித் தட்டு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானவை சஸ்பென்ஷனும் ஸ்பிரிங்கும் உடலோடு சேரும் இடங்கள். காந்தம் எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே தகடு இல்லை, ஓட்டையை மறைக்கும் பசைக்கலவையான பட்டி பூசியிருக்கிறது.

கதவின் இடைவெளியையும் கவனியுங்கள். மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் இருந்தால் வண்டியின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கியதும் கதவு இறுகித் திறக்க மறுத்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். கூரை இல்லாத கார்களில் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் தாங்குவதற்கு மேலே ஒன்றும் இல்லை.

எங்கே நின்றது என்பதும் ஒரு தடயம். புல்லிலும் மண்ணிலும் நின்ற வண்டிக்கு இரவு பகலாக அடியிலிருந்து ஈரம் ஏறியிருக்கும். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடிய வண்டியைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். காப்பதாக நினைத்து ஈரத்தை உள்ளே பூட்டிவைத்திருப்பார்கள்.

ஃபைபர் உடல், அலுமினிய உடல் என்றால் துரு கவலை இல்லையே?

அந்த நம்பிக்கையில் ஏமாந்தவர்கள் நிறைய. 1953-இல் வந்த ஷெவர்லே கார்வெட் முதலே அதன் உடல் ஃபைபர்கிளாஸ்தான். ஆனால் கீழே சேஸி எஃகு. 1963 முதல் வந்த மாடலில் ஃபைபருக்குள்ளேயே கண்ணாடியையும் கதவையும் தாங்கும் எஃகுக் கூடு உண்டு. அது துருப்பிடித்தால் வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், மின்வேதி வினையால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். 1948 முதல் வந்த பழைய லேண்ட் ரோவர்களில் இரும்பும் அலுமினியமும் சேரும் இடங்களை முதலில் பாருங்கள். அலுமினியத்தைப் பற்றவைக்கும் கை தனிக் கை. கூலியும் அப்படியே.

தகட்டு வேலைக்கு மட்டும் ஏன் இத்தனை நேரம்?

இந்தப் பட்டியலில் நான் மிகவும் விளக்க விரும்பும் கேள்வி இதுதான், ஏனென்றால் பணத்தில் பெரும்பகுதி கரைவது இங்கேதான். பெயின்ட் அடித்த பிறகு கண்ணில் படாததும் இந்த உழைப்புதான்.

கதவுக்குக் கீழுள்ள அந்தப் பெட்டித் தகட்டையே எடுத்துக்கொள்வோம். வெளித்தகட்டை மாற்றினால் போதும் என்று தொடங்குவார்கள். வெட்டித் திறந்தால் உள்தகடும் போயிருக்கும். அதை எடுத்தால் அதோடு சேர்ந்த தரையின் ஓரம் உதிரும். தரையை வெட்டினால் இருக்கையைப் பிடித்திருக்கும் குறுக்குத் தகட்டைத் தொட வேண்டும். சேஸி தனியாக இல்லாமல் உடலே எலும்பாக இருக்கும் கார்களில், இவற்றை வெட்டுவதற்கு முன் கதவு நிலைகளுக்கிடையே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து உடலை இறுக்கிக் கட்ட வேண்டும். அந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் உடல் சில மில்லிமீட்டர் முறுகிவிடும். பிறகு கதவு ஒருபோதும் ஒழுங்காக மூடாது. அதைச் சரிசெய்ய, பற்றவைத்ததை எல்லாம் மறுபடி வெட்ட நேரிடும்.

ஒவ்வொரு தகட்டையும் முதலில் இடுக்கியால் பிடித்து, கதவு, பானெட், டிக்கி மூடிகளைப் பொருத்தி இடைவெளி பார்த்து, கழற்றித் தேய்த்து மறுபடி பொருத்திய பிறகே வெல்டிங். புதிதாக வாங்கிய தகடுகளும் அப்படியே உட்காருவதில்லை. ஒரு கதவை நான்கு முறை மாட்டிக் கழற்றும் டிங்கர் நேரத்தை வீணாக்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறார். ஒட்டுத் தகட்டைப் பழைய துருவின்மேல் வைத்துப் பற்றவைத்துப் பட்டி பூசுபவர், பாதி நேரத்தில் வேலையை முடித்துத் தருவார். ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளம் மறுபடி எழும்பும்.

மணல் பீச்சியோ அமிலத் தொட்டியில் அமிழ்த்தியோ துருவை விரைவாக எடுக்க முடியாதா?

முடியும், இடம் பார்த்து. கனமான சேஸி, சஸ்பென்ஷன் கைகள் ஆகியவற்றுக்கு மணல் பீச்சுவது ஏற்றது. பானெட், கதவு, கூரை போன்ற அகன்ற மெல்லிய தகடுகளில் அதே அழுத்தத்தில் பீச்சினால் தகடு அலைஅலையாக நெளிந்துவிடும். பிறகு அதை நேராக்குவது தகட்டை மாற்றுவதைவிடக் கடினம். அமிலத் தொட்டி நன்றாகச் சுத்தம் செய்யும். ஆனால் மடிப்புகளுக்குள் தங்கும் அமிலத்தை முழுமையாகக் கழுவி நடுநிலைப்படுத்தாவிட்டால், புதுப் பெயின்டுக்கு அடியிலிருந்தே மறுபடி துரு கசியும்.

என்ஜின் சுற்றவே இல்லை. அது போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. நெடுநாள் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பிளக்குகளைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, நாள் கணக்கில், தேவையானால் வாரக் கணக்கில் ஊறவிடுங்கள். பிறகு, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கின் முனை நட்டில் நீளமான ஸ்பேனர் வைத்து இருபக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரால் முறுக்குவதும், கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பதும் வேண்டாம். ஊறினால் விட்டிருக்கக்கூடிய ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். சிறிய செலவு பெரிய செலவாவது அந்த ஒரு நிமிட அவசரத்தில்தான்.

திறந்து பார்த்த பிறகு, சிலிண்டரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, கிராங்க்கைக் கடைவதா என்பது லேத் பட்டறையின் அளவுகளைப் பொறுத்தது. கிராங்க்கை 0.25 மில்லிமீட்டர், 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகத்தான் கடைய முடியும். முந்தைய உரிமையாளர் கடைசிப் படி வரை கடைந்துவிட்டிருந்தால் வேறு கிராங்க் தேட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் பலவற்றில் பேரிங்குக்குப் பதில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். அந்தக் கலை தெரிந்தவர்கள் அருகிவிட்டதால் அது தனிச் செலவு.

ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய என்ஜினைக் கெடுக்குமா?

பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. வார்ப்பிரும்புத் தலை கொண்ட என்ஜின்களில் கடினமான வால்வு இருக்கைகளை ஒருமுறை பொருத்திவிட்டால் அந்தக் கவலை தீரும். தலையைக் கழற்றிய வேளையில் செய்தால் கூடுதல் கூலி குறைவு. ஈயப் பெட்ரோல் 2021-இல் உலகம் முழுவதும் கார்களுக்கான விற்பனையிலிருந்து மறைந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை மென்மையாக்கிவிடும். தீப்பிடிக்கக் காத்திருக்க வேண்டாம், அவை அனைத்தையும் மாற்றுங்கள்.

பிரேக், டயர் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. அப்படியே விடலாமா?

விடக்கூடாது. செலவைக் குறைக்கும் எந்த யோசனையும் இந்த இடத்தைத் தொடக்கூடாது. சாதாரண பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த நீர் சக்கரங்களில் உள்ள சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கும். குழாய், ஹோஸ், சிலிண்டர், சீல் எல்லாவற்றையும் புதுப்பித்தே ஆக வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நான்கு இலக்கம் இல்லாமல் மூன்று மட்டுமே இருந்தால் அது 2000-க்கு முந்தையது; பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அதன் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

எந்த ஆயில் என்பதையும் உறுதிசெய்துகொண்டே ஊற்றுங்கள். 1955 முதல் 1975 வரை வந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் முதலில் செந்நிறத் திரவம் இருந்தது. 1966-இல் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். ஒன்றுக்கான சீல் மற்றொன்றில் ஊதிக் கெட்டுப்போகும். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் மூன்றும் அதே திரவத்தில் இயங்கும் வண்டியில் ஒரு தவறான டப்பா என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெயின்ட் செலவு ஏன் பட்டறைக்குப் பட்டறை இவ்வளவு வேறுபடுகிறது?

விலையைத் தீர்மானிப்பது கடைசிப் பூச்சுக்கு முந்தைய நாட்கள்தான். தகட்டை வெறும் உலோகம் வரை சுரண்டி, ப்ரைமர் அடித்து, நீளமான கட்டையில் தேய்தாள் சுற்றி மறுபடி மறுபடி தேய்ப்பதில்தான் நேரம் போகிறது. கறுப்பு நிறம் வேண்டும் என்பவர்கள் கூடுதல் நேரத்துக்குத் தயாராக இருங்கள். கறுப்பு எந்த நெளிவையும் மறைக்காது. இன்றைய இரட்டைக் கலவைப் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். தூயக் காற்றுக் குழாயுடன் கூடிய முகமூடி இல்லாமல் வீட்டில் அதை அடிக்கவே வேண்டாம்.

சின்னச் சின்னப் பொருட்களுக்கு இவ்வளவா?

ஆம். முதன்முறை செய்பவர்களின் கணக்கு உடைவது பெரும்பாலும் இங்கே. பம்பருக்குக் குரோமியம் பூசுவது என்றால் பழைய முலாமை உரித்து, தாமிரம் பூசித் தேய்த்து, நிக்கல் பூசி, கடைசியாகத்தான் குரோமியம். எஃகுப் பம்பராவது தாங்கும். கைப்பிடி, சின்னம், விளக்கு வளையம் போன்றவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அவற்றில் குழிகள் விழுந்திருந்தால், ஒவ்வொரு குழியையும் துளைத்துச் சுத்தம் செய்து நிரப்பித் தேய்க்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னத்துக்கு ஒரு முழு நாள் போய்விடும்.

குஷன் வேலையில் தோல் என்றால் ஒரு காருக்கு நான்கைந்து முழுத் தோல்கள் தேவைப்படலாம். ஒரே சாயத் தொகுதியில் மொத்தமாக வாங்குங்கள். பிறகு வாங்கும் தோல் நிறம் ஒத்துப்போகாது. தட்டையான கண்ணாடியை எங்கும் வெட்டித் தருவார்கள். வளைந்து கடினமாக்கப்பட்ட பின்கண்ணாடியை வெட்ட முடியாது, கிடைத்தால்தான் உண்டு. ஆகவே கண்ணாடி கழற்றும் நாளில் அவசரப்படாதீர்கள்.

எந்தக் காருக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கும்?

நிறைய செய்யப்பட்ட காருக்கு. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2003 வரை தயாரானது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல். 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜி பி ஐந்து லட்சத்தைத் தாண்டியது. 1988 முதல் அதற்குப் பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடலையும் புதிதாக அடித்து விற்றார்கள். தகட்டு வேலையின் மணி நேரத்தோடு ஒப்பிட்டால் புது உடல் சில சமயம் மலிவு. சில நூறு மட்டுமே செய்யப்பட்ட காரென்றால் பாகம் தேடுவதே ஒரு தனி வேலை. முதல் முறை இறங்குபவர்கள் அரிய காரைத் தேடிப்போகாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

நானே செய்தால் செலவு குறையுமா?

கூலி குறையும், காலம் நீளும். வாரம் எட்டு மணி நேரம் ஒதுக்கினால் 1,000 மணி நேரத்துக்கு 125 வாரங்கள், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. அதுவரை வண்டி நிற்க ஈரமற்ற இடம் வேண்டும். கழற்றுவது, சுத்தம் செய்வது, சுரண்டுவது, பூட்டுவது ஆகியவற்றை நீங்கள் செய்து, எலும்பு வெல்டிங், லேத் வேலை, கடைசிப் பெயின்ட் ஆகியவற்றை வெளியே தருவது நல்ல பங்கீடு.

கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். படம் எடுத்துக்கொண்டே போங்கள். முதன்முதலில் ஒரு வயரிங் கட்டை நான் அடையாளமிடாமல் கழற்றினேன். கழற்ற ஒரு மாலை ஆயிற்று. மாட்ட மூன்று வாரம் ஆயிற்று.

பட்டறையோடு எப்படி ஒப்பந்தம் செய்வது?

கழற்றாத வண்டிக்கு யாராவது ஒட்டுமொத்தத் தொகை சொன்னால், அவர் தெரியாமல் சொல்கிறார் அல்லது எங்கேயோ குறைக்கப்போகிறார். முதலில் கழற்றி, சுத்தம் செய்து, நிலையை எழுதித் தருவதற்கு மட்டும் பணம் கொடுங்கள். பிறகு தகடு, பெயின்ட், இயந்திரம், உள்ளலங்காரம் என்று கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டமும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகே அடுத்ததற்குப் பணம். மாதாமாதம் படமும் மணி நேரக் கணக்கும் கேளுங்கள். நல்ல பட்டறை இதற்குக் கோபப்படாது. மதிப்பிட்ட தொகையில் பாதியை எதிர்பாராததற்காகத் தனியே வைத்திருங்கள். என் அனுபவத்தில் அது மிச்சமானதே இல்லை.

போட்ட பணம் திரும்ப வருமா?

சாதாரண கிளாசிக் காரில் வராது. அதை ஏற்றுக்கொண்டு இறங்குங்கள். இயந்திரத்தை உயிரோடு வைத்திருக்கும் மகிழ்ச்சிக்காகச் செய்யுங்கள், லாபத்துக்காக வேண்டாம்.

சில கார்களில் மீட்டெடுப்பதே மதிப்பைக் குறைக்கும். பிரான்சில் பாய்யோன் குடும்பத்தின் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்த சுமார் 60 கார்கள் 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் போயின. அவற்றில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்த 1961 ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர், தூசி படிந்த அதே நிலையில் 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலைபோனது. உங்கள் கொட்டகையில் அப்படி ஒன்று இருக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தொழிற்சாலை பூசிய பெயின்டும் முதல் நாள் தைத்த இருக்கையும் ஒருமுறை போனால் திரும்பாது. எந்தக் காரிலும் சுரண்டத் தொடங்கும் முன் அதை நினைத்துப் பாருங்கள்.

முழுமையாகப் புதுப்பிக்காமல் ஓட்டும் நிலைக்கு மட்டும் கொண்டுவரலாமா?

உடல் திடமாக இருந்தால், என் விருப்பம் எப்போதும் இதுதான். பிரேக், எரிபொருள் வழி, குளிர்விப்பு, ஸ்டீயரிங், டயர், வயரிங். இவற்றைச் சரிசெய்து ஒரு வருடம் ஓட்டுங்கள். உண்மையில் எது கெட்டிருக்கிறது, எதை உங்களால் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதை வண்டியே காட்டிவிடும். கழற்றிப் போட்ட காரில் ஆர்வம் வற்றும். ஓடும் காரில் வளரும்.

இப்போது பணம் இல்லை. கார் மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

கழற்றாதீர்கள். கெடுவதை நிறுத்துங்கள். வண்டியை மண்ணிலிருந்து சிமென்ட் பூசிய தரைக்கு மாற்றுங்கள். மிதியடிகளையும் ஈரம் கோத்த ஃபெல்ட்டையும் எடுத்து உலர்த்துங்கள். கதவு, பெட்டித் தகடு இவற்றின் அடியில் அடைபட்ட வடிகால் துளைகளைக் கம்பியால் திறந்துவிடுங்கள். உள்ளே மெழுகுக் கலந்த எண்ணெயைத் தெளியுங்கள். பேட்டரியையும் பழைய பெட்ரோலையும் வெளியே எடுங்கள். எலி நுழையும் வழிகளை அடையுங்கள், வயரிங்கை முதலில் தின்பது அதுதான். மூடுவதானால் காற்றோட்டமுள்ள துணியால் மூடுங்கள். ஓடும் நிலையில் இருந்தால் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதை நிறுத்துங்கள். சூடேறாத என்ஜின் சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீரைத்தான் சேர்க்கும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு இரண்டு நாள் உழைப்பும் சில டப்பாக்களும். ஐந்து ஆண்டு கழித்துத் தொடங்கினாலும் அதே தகடு அங்கே இருக்கும்.